டேனரியில் புதிதாகச் சேர்கிறீர்களா? முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு டேனரி (தோல் பதனிடும் ஆலை) வாடை பழக்கம். வெளியூரிலிருந்து முதல் நாள் வேலைக்கு வருகிறவர்கள் கேட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பச்சைத் தோலின் நாற்றத்தைத்தான் விஷம் என்று நினைப்பார்கள். ஒரு வாரத்தில் மூக்கு பழகிவிடும், அதோடு பயமும் போய்விடும். அங்கேதான் தப்பு நடக்கிறது. தோலின் நாற்றம் குமட்டும், ஆனால் கொல்லாது. கொல்லக்கூடியவை வேறு. சில ஒரு நிமிடத்தில் கொல்லும், சில இருபது வருடம் எடுத்துக்கொள்ளும்.

நான் ஈரப் பிரிவில் சில வருடமும் அப்புறம் ஆய்வகத்தில் பல வருடமும் வேலை பார்த்தவன். எனக்கு முதல் வாரத்தில் யாரும் சொல்லித் தராததை இங்கே எழுதுகிறேன். டேனரியை மட்டுமல்ல, அதை ஒட்டிய ஷூ கம்பெனிகளையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். ஒரு வீட்டில் அப்பா டேனரிக்கும் பெண் ஷூ கம்பெனிக்கும் போவது எங்கள் ஊர்களில் சாதாரணம்.

முதல் நாள்: எந்தப் பிரிவு என்று கேளுங்கள்

"கெமிக்கல் வேலை" என்று மொத்தமாகச் சொல்வதில் பயனில்லை. பிரிவுக்குப் பிரிவு ஆபத்து மாறும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதனிட்டார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் குரோம் (குரோமியம் உப்பு)தான். ஒரு நாளுக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

தோல் போகும் வழி ஏறத்தாழ இப்படி. உப்புத் தோலை ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியைக் கழற்றுவார்கள். சதையைச் சீவி, அம்மோனியம் உப்புகளால் சுண்ணாம்பை நீக்குவார்கள். பிறகு உப்பும் கந்தக அமிலமும் சேர்த்துப் பிக்கிள் செய்வார்கள். அதற்கப்புறம் குரோம். வெளியே வரும் நீல நிற ஈரத்தோல்தான் வெட் புளூ. அதை மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றி, உலர்த்தி, பஃபிங் செய்து (மெஷினில் தேய்த்து வழவழப்பாக்கி), ஸ்பிரே அடித்து அனுப்புவார்கள்.

உங்களுக்கு எந்த இடம் என்று மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு வேறு இடத்துக்கு மாற்றினால் மறுபடியும் கேளுங்கள். ஆபத்து அதிகம் நடப்பது ஆள் குறைவான நாளில் "நீ போய்க் கொஞ்சம் அங்கே பாரு" என்று அனுப்பும்போதுதான்.

சாக்கையும் கேனையும் படியுங்கள்

ஒவ்வொரு சாக்கிலும் கேனிலும் சிவப்புக் கட்டம் போட்ட படங்கள் இருக்கும். கையையும் உலோகத்தையும் ஒரு திரவம் அரிப்பது போலப் படம் இருந்தால் அது தோலையும் கண்ணையும் அரித்துவிடும். மண்டை ஓடு என்றால் கொஞ்சம் போதும், உயிருக்கு ஆபத்து. மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல ஒரு படம் உண்டு. புதியவர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். புற்றுநோய், ஆஸ்துமா, உள்ளுறுப்புப் பாதிப்பு என்று மெதுவாக வரும் கேடுகளுக்கான குறி அது. நான் அதிகம் பயப்படுவது அந்தப் படத்துக்குத்தான்.

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று உண்டு. முழுவதும் படிக்க முடியாவிட்டால் நான்கை மட்டும் பாருங்கள். 2-ஆம் பகுதியில் என்ன ஆபத்து, 4-இல் முதலுதவி, 8-இல் என்ன கையுறை, என்ன முகமூடி, 10-இல் எதோடு கலக்கக்கூடாது. ஆங்கிலத்தில்தான் இருக்கும். போனில் படம் எடுத்துப் படித்த பிள்ளைகளிடம் காட்டி, அந்த நான்கை மட்டும் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லேபிள் இல்லாத கேனைத் தொடாதீர்கள். ரசாயனத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருக்கிற இடமானால், உங்கள் குடிநீரை அங்கே வைக்காதீர்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரிக்கும் பொருள் இறங்கும்போது ஒரு முறை சுடும், ஏறும்போது மறுபடியும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, அந்த லேபிளோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கழிவுநீர்க் குழிக்குள் இறங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

சுண்ணாம்புப் பிரிவிலிருந்து வரும் கழிவுநீரில் சல்ஃபைடு இருக்கிறது. அது காரமாக (அமிலத்துக்கு எதிர்த் தன்மையில்) இருக்கிறவரை அடங்கிக் கிடக்கும். அதோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு கிளம்பும். பிக்கிள் தண்ணீரும் குரோம் தண்ணீரும் அமிலத்தன்மை உள்ளவை. இரண்டு தண்ணீரும் ஒரே கால்வாயிலோ ஒரே தொட்டியிலோ சேர்ந்தால் போதும். சுண்ணாம்பை நீக்கும் நேரத்தில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்முக்குள்ளேயும் இது கிளம்பலாம். மூடியைத் திறந்ததும் குனிந்து முகத்தை உள்ளே விடாதீர்கள். நாள்கணக்கில் கிடக்கும் சேற்றில் யாரும் எதையும் கலக்காமலே கிருமிகள் இந்த வாயுவை உண்டாக்கும். மேலே ஆடை கட்டி அமைதியாகத் தெரியும். காலை வைத்தோ கம்பால் கிளறியோ விட்டால் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலேயே தங்கும்.

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதனால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரிந்துவிடும். எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் வைத்த வரம்பு 10 பங்கு. 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகும், நாற்றம் நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். 700-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பி விழுந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

இதைவிடக் கொடுமை அடுத்து நடப்பது. விழுந்தவரைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர் பதறி உள்ளே குதிப்பார். பிறகு மூன்றாவது ஆள். தொட்டி விபத்துகளில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் இறப்பதற்குக் காரணம் இதுதான். விழுந்தது உங்கள் அண்ணனாகவே இருந்தாலும் குதிக்காதீர்கள். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். அங்கே குதிக்கிறவரால் யாரையும் தூக்க முடியாது. சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 108-க்கும், தீயணைப்புக்கு 101-க்கும் அடியுங்கள். வாயு கசிந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தபடியே இழுங்கள். வெளியே எடுத்ததும் நல்ல காற்றுள்ள இடத்தில் படுக்கவையுங்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்குங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், அந்த வாயு உங்களையும் தாக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது (2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்தது). தகுதியுள்ளவர் வாயுவை அளந்து பார்த்து, பாதுகாப்பானது என்று எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவருக்கு மூச்சுக்கருவியும், கயிறு கட்டிய இடைவாரும் கொடுத்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அளவு பார்க்கும் கருவி எங்கே, சான்று எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் இறங்க மாட்டேன் என்று சொல்லுங்கள். துணி கட்டிக்கொண்டு இறங்குவது, சாராயம் குடித்துவிட்டு இறங்குவது, தீக்குச்சி பற்றவைத்துப் பார்ப்பது எதுவும் காப்பாற்றாது. அந்த வாயு தீப்பிடிக்கும், ஆகவே தீக்குச்சி இன்னொரு விபத்து.

தொட்டி என்றாலே வாயு மட்டுமில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தங்க இடம் கொடுத்தால் அது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொட்டிச் சுவரை ஒட்டியோ ரசாயனக் கிடங்கிலோ படுக்காதீர்கள்.

சுண்ணாம்பும் அமிலமும்

அமிலம் எரியும்போதே சுள்ளென்று தெரியும், உடனே கழுவுவோம். சுண்ணாம்பும் சல்ஃபைடும் வழவழவென்று இருக்கும், வலி தாமதமாக வரும். அதற்குள் ஆழமாக இறங்கிவிடும். கண்ணில் பட்டால் அமிலத்தைவிடக் காரம்தான் அதிகம் கெடுக்கும். முதல் நாளே குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே அங்கே போக முடியுமா என்றும் ஒரு முறை நடந்து பாருங்கள். உண்மையில் தேவைப்படும்போது கண் திறக்காது.

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்புத் துணுக்கு இமைக்குள் ஒட்டியிருக்கும், அதனால் இமையின் உட்புறமும் நனைய வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். கழுவிய பிறகு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். உடம்பில் பட்டால் சட்டையைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். வெட்கப்பட்டுச் சட்டையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு புண்ணாக்கிக்கொண்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

அமிலத்தை நீர்க்கவைக்கும்போது தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அப்புறம், சல்ஃபைடு அள்ளிய வாளியில் அமிலம் பிடிக்காதீர்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

குரோம்

சாக்கில் வரும் பச்சை நிறத் தூள் குரோமியம் சல்ஃபேட். இதில் இருப்பது மூவிணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதி செய்திருப்பது ஆறிணைதிறன் குரோமியத்தை. ஆகவே பச்சைத் தூளைப் பார்த்துப் பீதியடைய வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஆரஞ்சு நிறப் படிகமாகப் பைகுரோமேட் எங்காவது பயன்பட்டால் அது ஆறிணைதிறன் வகை. அதன் தூசியும் சாரலும் மூக்கின் நடுத்தண்டில் புண்ணாகி ஓட்டை விழும் அளவுக்குப் போகும், வலியே தெரியாமல்.

பச்சைத் தூளைக் கையாள்கிறவர்களுக்கும் தோல் ஒவ்வாமை வரலாம். விரலிடுக்கில் அரிப்பு, வெடிப்பு, நீர் கசிவது என்று தொடங்கும். ஒரு முறை உடம்பு குரோமுக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். டேனரியை விட்டுக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே கை புண்ணாகும். சிமென்டிலும் குரோமியம் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. அரிப்பு வந்த முதல் வாரத்திலேயே தோல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடைக் களிம்பைத் தடவிக்கொண்டு அதே வேலையைத் தொடராதீர்கள்.

தூசி, ஸ்பிரே, பசை

பஃபிங் மெஷின் பக்கத்தில் பறக்கும் மெல்லிய தோல் தூசி மூக்கின் உள்ளறைகளில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது. வருடங்கள் ஆகும். ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டோ ரத்தம் கசிந்துகொண்டோ இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய், தோல் தூசி வேலை என்று சொல்லுங்கள். மெஷினில் தூசியை உறிஞ்சும் குழாய் வேலை செய்கிறதா என்று பாருங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

ஸ்பிரே பிரிவில் தின்னரின் ஆவி தலைசுற்றலும் தலைவலியும் தரும். சில பூச்சுகளோடு கலக்கும் ஐசோசயனேட் வேறு வகை. அது ஆஸ்துமா இல்லாதவருக்கும் ஆஸ்துமா வரவைக்கும். ராத்திரியில் மட்டும் வரும் இருமலும் இழுப்பும் அதன் முதல் அடையாளமாக இருக்கலாம்.

ஷூ கம்பெனிப் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பசையில் என்ன கரைப்பான் என்று கேளுங்கள். முன்பு உலகம் முழுக்கப் பசையில் பென்சீன் இருந்தது. இஸ்தான்புல் ஷூ தொழிலாளர்களிடையே ரத்தப் புற்றுநோய் அதிகம் வந்ததை 1970-களில் துருக்கி மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பென்சீனுக்குப் பதிலாகப் பல இடங்களில் ஹெக்சேன் வந்தது. அது நரம்பைக் கெடுத்தது. கால் விரல் நுனியில் மரத்துப்போவதில் தொடங்கி மெல்ல மேலேறும். நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றால் சத்துக் குறைவு என்று ஒதுக்காதீர்கள். சீக்கிரம் அந்த இடத்தை விட்டு விலகினால் நரம்பு பெருமளவு தேறிவரும், ஆனால் மாதங்கள் ஆகும். பசை டப்பாவை மூடியே வையுங்கள், பிரஷ்ஷால் தடவுங்கள், கையில் ஒட்டியதைத் தின்னரால் துடைக்காதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்த நாளே சொல்லி, பசை மேசையிலிருந்து மாற்றக் கேளுங்கள். மூன்றாம் மாதம் வரை மறைத்து வைக்கும் நம் வழக்கம் இங்கே குழந்தைக்கு நல்லதில்லை.

கையுறையும் முகமூடியும்

ஒன்று எல்லாவற்றுக்கும் ஆகாது. ஈரப் பிரிவில் முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை, ஏப்ரன், பூட்ஸ். பூட்ஸுக்கு வெளியே பேன்டை விடுங்கள். உள்ளே சொருகினால் தெறிக்கும் திரவம் பூட்ஸுக்குள் வழிந்து நாள் முழுக்கக் காலைக் கரைக்கும். தின்னரும் பசையும் மெல்லிய ரப்பர் கையுறையை ஊடுருவிவிடும். பாதுகாப்புத் தரவுத் தாளின் 8-ஆம் பகுதியில் எந்த வகை என்று இருக்கும். ஓட்டை விழுந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம், உள்ளே போனது வெளியேறாது.

தூசிக்கு என்95 போதும். ஆவிக்கு அது எதுவும் செய்யாது, கரி நிரப்பிய குடுவை வைத்த முகமூடி வேண்டும். கைக்குட்டையும் துண்டும் மூக்குக்கு மரியாதை மட்டும்தான், பாதுகாப்பு இல்லை. குடுவை முகமூடி போட்டும் உள்ளே வாடை தெரிந்தால் குடுவை தீர்ந்துவிட்டது, மாற்றச் சொல்லுங்கள். குழியில் இறங்க இந்த முகமூடி எதுவும் ஆகாது.

வீட்டுக்குப் போகும்போது

வேலை உடுப்பைத் தனிப் பையில் வைத்து, குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். சாப்பிடும் முன் சோப்பால் நகக்கண் வரை கழுவுங்கள். கழுவாத கையோடு பீடியோ வெற்றிலையோ எடுத்தால் விரலில் இருப்பது நேராக வாய்க்குப் போகும். குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

உடம்பு சொல்வதை எழுதி வையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை சரியாகி, திங்கள்கிழமை மறுபடி வரும் தலைவலி, இருமல், அரிப்பு எல்லாம் வேலையோடு தொடர்புள்ளவையாக இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர் பெரும்பாலும் கேட்க மாட்டார். நீங்களாகவே "டேனரியில் ஸ்பிரே வேலை, மூன்று வருடம்" என்று சொல்லுங்கள்.

தோல் பதனிடுவது சட்டப்படி அபாயகரமான தொழில்களின் பட்டியலில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் முன்பும், பிறகு 12 மாதத்துக்கு ஒரு முறையாவதும், வேலையை விட்ட பிறகும் மருத்துவப் பரிசோதனை செய்வது நிர்வாகத்தின் கடமை. அந்தப் பதிவைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் நிர்வாகத்துக்கும் அரசின் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் அதற்கான துறை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண் இருக்கிறதா என்று முதல் மாதமே கேளுங்கள். 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தும், கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சரி. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டும். வேலையில் காயம் பட்டால், சேர்ந்து ஒரு நாளே ஆகியிருந்தாலும் பலன் உண்டு. வேலை செய்ய முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கிடைக்கும். குரோமியம், பென்சீன் போன்றவற்றால் வரும் நோய்கள் தொழில் நோய்ப் பட்டியலிலும் இருக்கின்றன.

ஆனால் நோய் பத்து வருடம் கழித்து வந்தால், அங்கே வேலை பார்த்ததை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016-இல். பதினைந்து வருடம். அத்தனை காலம் காகிதங்களைக் காப்பாற்றி வைப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சேர்ந்த தேதி, பிரிவு, சாக்கில் இருந்த பெயர்கள், மாற்றிய தேதி, பட்ட காயம், போன மருத்துவமனை என்று எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையின் நகலையும் அதற்குள்ளேயே செருகி வையுங்கள். நோட்டு வீட்டில் இருக்கட்டும், லாக்கரில் வேண்டாம்.